படகுக் குளியலறை: அக்ரிலிக் தட்டா, ஸ்டோன் ரெசின் தட்டா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நாரோபோட் என்னும் ஒடுங்கிய படகின் அகலம் ஏறக்குறைய 2.1 மீட்டர்தான். அதன் குளியலறையைப் புதுப்பிக்கும்போது பலரும் தயங்கி நிற்பது, குளிக்கும்போது நாம் ஏறி நிற்கும் ஷவர் தட்டில்.

விலை: அக்ரிலிக் (ஒருவகைப் பிளாஸ்டிக்) மலிவு. ஸ்டோன் ரெசின் (கல்தூளைப் பிசினில் கலந்து வார்த்தது) கூடுதல்.

எடை: அக்ரிலிக்கை ஒருவரே தூக்கி உள்ளே கொண்டுபோகலாம். மற்றதற்கு இரண்டு பேர் வேண்டும். அதன் பாரம் ஒரு பக்கமாக விழுவதால், படகின் சமநிலைக்காக அடியில் வைத்திருக்கும் நிறைக்கற்களை எதிர்ப்பக்கம் மாற்றி வைத்துப் படகை நிமிர்த்தவும் நேரலாம்.

உறுதி: இதில்தான் அவசரப்படக் கூடாது. மெல்லிய அக்ரிலிக், கால் வைத்ததும் இம்மியளவு வளையும். படகுகளை ஏற்றி இறக்கும் கால்வாய் மதகின் சுவரில் படகு இடிக்கும்போதும் அதிரும். நாளடைவில் சுவரோர இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பூச்சு மயிரிழை அளவு பிளக்கும். அதன் வழியே இறங்கும் நீர் படகின் அடித்தகட்டில் தேங்கி, எஃகைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். ஸ்டோன் ரெசின் வளையாது. ஆனால் அடித்தளம் மட்டமில்லையென்றால் விரிசல் விடும்.

வடிகால்: இரண்டுக்கும் ஒரே கதை. தட்டு பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பம்ப் வைத்தே நீரை வெளியேற்ற வேண்டும். எதை வாங்கினாலும் குழாய் இணைப்பைக் கை எட்டும்படி ஒரு சிறு மூடி விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

ஆண்டு முழுவதும் படகிலேயே குடியிருப்பவர்களுக்கு ஸ்டோன் ரெசின்தான் என் தேர்வு. வார இறுதியில் மட்டும் போகிறவர்களுக்கு அக்ரிலிக் போதும். ஆனால் அந்தத் தட்டின் அடியில் இடைவெளியே இல்லாமல் கனமான மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) தாங்கியிருக்க வேண்டும்.