டெல்லி பால்கனிக்கு காகிதப்பூவா, மல்லியா, பெட்டூனியாவா? நான் காகிதப்பூ கட்சி

மயூர் விஹார்ல மூணாவது மாடி, மேற்கு பாத்த பால்கனி, ரெண்டு பேர் சேர் போட்டு உக்காந்தா மூணாவது ஆளு நிக்கணும், அவ்ளோதான் இடம். ஆறு வருஷமா இதுக்குள்ளதான் என் தோட்டம். போன வாரம் எதிர் பிளாக்குக்கு திருச்சில இருந்து மாத்தலாகி வந்த பொண்ணு, "அக்கா, பூக்கணும், ஆனா சாகக்கூடாது, அப்படி என்ன செடி வாங்கலாம்"னு கேட்டா. அவளுக்கு வாய்ல சொன்னத இங்கயும் எழுதி வைக்கிறேன்.

வெயில் வேணும், தொட்டிக்கு அடியில ஓட்டை வேணும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுங்க. டெல்லில பிரச்சனையே ஜனவரியும் ஜூனும்தான். ஜனவரில விடிகாலை நாலு அஞ்சு டிகிரிக்கு இறங்கும், பனிமூட்டத்துல சூரியனே தெரியாது. மே ஜூன்ல 45 தொட்டுட்டு நிக்கும், கூடவே லூன்னு ஒரு அனல் காத்து, துணி காயப்போட்டா அரை மணில அப்பளம் மாதிரி ஆயிடும். நம்ம ஊர்லயும் வெயில் உண்டு, ஆனா காத்துல கொஞ்சம் ஈரம் இருக்கும், இங்க ஜூன்ல அதுவும் கிடையாது. இந்த ரெண்டையும் தாண்டுற செடிதான் நமக்கு செடி.

முதல்ல பெட்டூனியா. அக்டோபர் கடைசில ரோட்டோர நர்சரி பூரா நாத்து வந்து இறங்கும், பத்து இருபது ரூபாய்க்கு ஒண்ணு. பிப்ரவரில ராஷ்டிரபதி பவன் தோட்டத்த திறந்து விடுவாங்கல்ல (முகல் கார்டன்னு இருந்தது, 2023ல அம்ரித் உத்யான்னு பேர மாத்திட்டாங்க), அதப் போய் பாத்துட்டு வந்தா யாருக்கும் கை சும்மா இருக்காது, நானும் அப்படி போய்ட்டு வந்து ஒரே நாள்ல பன்னெண்டு தொட்டி வெச்சவதான். அழகுன்னா அப்படி ஒரு அழகு, பொய் சொல்லக்கூடாது. வாடின பூவ கிள்ளிக்கிட்டே இருந்தா மார்ச் வரைக்கும் பால்கனி பட்டுப்புடவை கடை மாதிரி இருக்கும். ஏப்ரல் பாதில வெயில் ஏறினதும் ஒரே வாரத்துல வைக்கோல். அத நாம காப்பாத்தவும் முடியாது, அதோட ஆயுசே அவ்ளோதான். ஒவ்வொரு அக்டோபரும் திரும்ப காசு, திரும்ப மண் கிளறல், திரும்ப கடுகுப் புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணி (கடைல சர்சோன் கலின்னு கேக்கணும்), அந்த நாத்தத்துக்கு வீட்டுக்காரர் ரெண்டு நாள் பால்கனி பக்கமே வரமாட்டார். வாடகை வீடு, அடுத்த வருஷம் இருப்போமான்னு தெரியாதவங்களுக்கு இதான் சரி. எனக்கு இல்ல.

அடீனியம் பத்தி எனக்கு பெருசா பேசத் தகுதி இல்ல, முதல் செடிய சாகடிச்சேன், ரெண்டாவது செடிக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. அடித்தண்டு குண்டா தண்ணிய சேத்து வெச்சுக்கும், அதனால ஜூன் வெயில்ல சந்தோஷமா நிக்குது. குளிர்ல இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா தூங்குது, அப்ப தண்ணி காட்டவே கூடாது. ஜூலை மழைல தொட்டிய உள்ள இழுத்து வைக்கணும், இல்லன்னா அழுகும். இது வரைக்கும் பழுதில்ல, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் சொல்றேன்.

இப்ப மல்லிக்கு வருவோம். தமிழ் வீட்ல இதுக்கு ஓட்டு போடாம இருக்க முடியுமா? எங்க அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா) பூவுன்னா மல்லிதான், மத்ததெல்லாம் இலை. இங்க மோக்ரான்னு விப்பாங்க, நல்லா அடுக்கு மல்லி. ஜனவரி கடைசில குளிர் விடும்போது கிளைய வெட்டி இலைய உருவி விட்டா, ஏப்ரல்ல ஆரம்பிச்சு மே ஜூன் பூரா சாயங்காலம் ஆறு மணிக்கு மொக்கு வெடிக்கும், வாசனை ஹால் வரைக்கும் வரும். மலை மந்திர் (முருகன் கோவில்) பக்கம் பூ வாங்க ஆர்.கே.புரம் வரைக்கும் ஓட வேண்டாம். ஆனா கவனிச்சீங்களா, அது பூக்குறதே சரியா அந்த அனல் மாசத்துல. அப்ப தினம் தண்ணி வேணும், சில நாள் ரெண்டு வேளை. மாடி டேங்க் தண்ணி மத்தியானம் கொதிக்கும், அத அப்படியே ஊத்தினா வேர் வெந்துடும், காலைல அஞ்சரைக்கே ஊத்திடணும்.

சரி, விஷயத்துக்கு வரேன். காகிதப்பூவா, மல்லியா, பெட்டூனியாவான்னு எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது அழகும் இல்ல, விலையும் இல்ல. ஜூன் மாசம் நாங்க ஊருக்குப் போறது. பசங்களுக்கு ஸ்கூல் லீவு விட்டதும் நிஜாமுதீன்ல திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினா திருநெல்வேலி, திரும்பி வர மூணு வாரம் ஆகும். டெல்லி தமிழ் குடும்பம் பாதிக்கு மேல இதே கதைதான். அதாவது வருஷத்துலயே செடிக்கு தண்ணி ரொம்ப தேவைப்படுற மாசம் பாத்து நாம வீட்ல இருக்கமாட்டோம். இத எந்த நர்சரிக்காரரும் சொல்ல மாட்டார், அவருக்கு என்ன.

முதல் வருஷம் மேல் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிகிட்ட சாவிய குடுத்துட்டுப் போனோம். தங்கமான மனுஷி, ஒரு நாள் விடாம எல்லா தொட்டிக்கும் காலை மாலை ஊத்தியிருக்காங்க. வந்து பாத்தா மல்லி ஜம்முன்னு இருக்கு. அடீனியம் வெந்த சேனைக்கிழங்கு மாதிரி கொழகொழன்னு சாஞ்சு கிடக்கு. காகிதப்பூ பச்சைப் பசேல்னு கம்பி தாண்டி வளந்து நிக்குது, ஒத்தைப் பூ இல்ல.

ரெண்டாவது வருஷம் அந்த நேரத்துக்கு அவங்களும் அமிர்தசரஸ் போயிருந்தாங்க. வீட்டு வேலை செய்யிற அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து ஊத்துறேன்னாங்க. அது போக பாட்டில கவுத்து வெச்சுப் பாத்தேன், கிளம்புறதுக்கு முன்னாடி சோதனை பண்ணப்பவே ஒன்றரை நாள்ல காலி. தொட்டிக்கடியில தட்டுல தண்ணி நிறுத்தலாம்னா கொசு, இந்த ஊர்ல டெங்கு பயம் வேற. கடைசில வாரம் ரெண்டு தடவைதான். வந்து பாத்தா மல்லி சாகல, ஆனா நுனி வரைக்கும் காஞ்சு, மொக்கெல்லாம் மிளகு மாதிரி கருகி, அந்த வருஷ பூ அதோட முடிஞ்சது. காகிதப்பூ பாதி இலைய கொட்டியிருந்துச்சு, ஆனா மிச்சக் கிளை பூரா கலர்!

அதுக்கு காரணம் உண்டு. காகிதப்பூவுக்கு தண்ணி தாராளமா கிடைச்சா இலையும் கிளையுமா வளந்துட்டே இருக்கும், கொஞ்சம் காயப்போட்டாதான் பூக்கும். நாம பூன்னு சொல்ற ரோஸ் கலர் சமாச்சாரமே பூ இதழ் இல்ல, அதுவும் ஒரு வகை இலைதான், நடுவுல குட்டியா வெள்ளையா இருக்கே அதான் நிஜப் பூ. அதனாலதான் நம்ம மல்லி ராத்திரியோட வாட, இது வாரக்கணக்குல நிக்குது. ரிங் ரோடு டிவைடர்ல புகையிலயும் வெயில்லயும் எப்பவாவது டேங்கர் லாரி தண்ணிய குடிச்சுட்டு அது பூக்குறத பஸ்லருந்து பாத்திருப்பீங்க, அது முன்னாடி என் பால்கனி எல்லாம் சொகுசு ஹோட்டல். கரோல் பாக் பக்கத்துல பூசா இருக்கே, அந்த விவசாய ஆராய்ச்சி நிலையம், உலகத்துல எங்க புது காகிதப்பூ ரகம் வந்தாலும் பேர் பதியிற இடமே அதுதான். சொந்த ஊர் தென் அமெரிக்கான்னாலும் ரேஷன் கார்டு டெல்லிலதான் வெச்சிருக்கு.

என்னோடது 150 ரூபாய்க்கு வாங்கினது, அஞ்சு வருஷமா அதே செடி. மாத்தி நடும்போது மண் உருண்டை உடையக்கூடாது, வேர் ரொம்ப மெல்லிசு, அதுல மட்டும் ஜாக்கிரதை. தொட்டி ரொம்ப பெருசு வேண்டாம், வேர் நெருக்கமா இருந்தாதான் நல்லா பூக்குது. மேல் மண்ணு ரெண்டு விரல் காயாம தண்ணி ஊத்தாதீங்க. புண்ணாக்கு தண்ணியும் இதுக்கு வேண்டாம், இலைதான் வரும். ஜனவரில இலை மஞ்சளாகி கொட்டும், செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. ஒரு சுத்து பூத்து முடிஞ்சதும் நுனிய வெட்டி விடுங்க. வெயில் மட்டும் அஞ்சு மணி நேரமாவது நேரா விழணும், வடக்கு பாத்த பால்கனின்னா இந்தப் பேச்சையே விட்டுடுங்க.

குறை இல்லாம இல்ல. முள்ளு இருக்கு, சின்ன குழந்தை இருக்குற வீட்ல யோசிக்கணும். காஞ்ச பூ காத்துல பறந்து கீழ் வீட்டு பால்கனிக்குப் போய் அவங்க ரெண்டு தடவ பெல் அடிச்சாச்சு. வாசனைன்னு சொட்டு கூட கிடையாது. "தலைல வைக்க முடியாது, சாமிக்கு போட முடியாது, இதுக்கா இத்தனை இடம்"னு அத்தை வாரம் ஒரு தடவ சொல்லிடுவாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதனால இப்ப மூணு காகிதப்பூ, ஒரே ஒரு மல்லி. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் மல்லித் தொட்டி மட்டும் மாடி ஏறி ஆன்ட்டி வீட்டுக்குப் போயிடும், காகிதப்பூவுக்கு வாரம் ரெண்டு தடவ தண்ணி. மேல அப்படி ஒரு ஆன்ட்டி இல்லாதவங்க மல்லி பக்கம் போகும்போது ரெண்டு தடவ யோசிங்க. இந்த வருஷம் திரும்பி வந்து ஆட்டோல இருந்து இறங்கும்போதே ஆன்ட்டி ஒரு டிபன் டப்பாவோட கீழ வந்துட்டாங்க, உள்ள ஈரத்துணி சுத்தி அன்னிக்கு பறிச்ச மொக்கு, தனக்கு கட்டத் தெரியாதாம். அத்தை பெட்டிய கூட திறக்கல, நூல் எங்கன்னு கேட்டுக்கிட்டே உக்காந்துட்டாங்க.