ஏலத்தோட்ட நோய் ஆலோசனைக்கு கிளிப்ஸ்: இலவசம், ஆனால் வெறுங்கூடு

போடியில் வீடு, மலைமேல் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம். காய் உலர்த்தும் ஸ்டோரில் நெட் எடுக்காது. அங்கே ஒரு பழைய லேப்டாப்பில் நோய் ஆலோசனை சொல்லும் மென்பொருள் ஓட வேண்டுமென்றால், கிளிப்ஸ் (CLIPS) இன்றைக்கும் நல்ல தேர்வு. 'இப்படியானால் இது' என்ற விதிகளை வைத்து நிபுணரைப் போல முடிவு சொல்லும் மென்பொருளை, அதாவது நிபுணர் அமைப்பை, உருவாக்கும் கருவி இது. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985-இல் பிறந்தது. அப்போதைய நிபுணர் அமைப்புக் கருவிகள் பெரும்பாலும் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் இருந்தன. விலை அதிகம், சாதாரணக் கணினியில் ஓடுவதும் அரிது. அதனால் இதை சி மொழியில் எழுதினார்கள். மூல நிரல் இலவசம். சி கம்பைலர் (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) இருந்தால் போதும்.

வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. இது பயன்படுத்தும், கணினி அறிஞர் சார்லஸ் ஃபோர்ஜியின் ரீட்டே அல்காரிதம் (விதிகளைப் பொருத்திப் பார்க்கும் முறை), ஒரு ஃபேக்ட் (கணினிக்குக் கொடுத்த தகவல்) மாறினால் அது தொடும் விதிகளை மட்டும் பார்க்கும், எல்லா விதியையும் முதலிலிருந்து புரட்டாது. விதி எழுதும்போது குறைவான ஃபேக்ட்டோடு பொருந்தும் நிபந்தனையை மேலேயும், அடிக்கடி மாறுவதைக் கீழேயும் வையுங்கள், நினைவகம் மிச்சமாகும்.

ஓட்டும் கட்டளைகள் வரிசையாக லோட் (விதிக் கோப்பை ஏற்ற), ரீசெட் (தொடக்க நிலைக்குக் கொண்டுவர), ரன் (ஓட்ட). ரீசெட்டை விட்டுவிட்டால் தொடக்க ஃபேக்ட்டுகள் உள்ளே வராது. பிழைச்செய்தியும் வராது, சும்மா நிற்கும். பயனரின் பதிலை வாங்க ரீட் கட்டளை போட்டால் முதல் சொல்லை மட்டும் எடுக்கும். "இலை மஞ்சள்" என்று இரண்டு சொல்லாகப் பதில் வரும் இடத்தில், முழு வரியையும் எடுக்கும் ரீட்லைன் வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது 'நாட்' ('இல்லை என்றால்') நிபந்தனையில். "நாற்றம் இல்லை என்றால் அழுகல் இல்லை" என்று எழுதினால், நாற்றத்தைப் பற்றி இன்னும் கேட்கவே இல்லாதபோதும் விதி பாய்ந்துவிடும். கிளிப்ஸுக்கு 'தெரியாது' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றுதான். ஒவ்வொரு அறிகுறிக்கும் உண்டு, இல்லை, கேட்கவில்லை என்று மூன்று மதிப்புள்ள ஸ்லாட் (மதிப்பு வைக்கும் இடம்) வையுங்கள். விதிகளுக்கு முன்னுரிமை எண் கொடுத்துச் சமாளிப்பவர்களும் உண்டு; பத்து விதி வரை தாங்கும், பிறகு எது எதை முந்துகிறது என்று எழுதியவருக்கே தெரியாது.

அடுத்தது முடியாத சுழல். அறிகுறிகளின் மொத்த மதிப்பெண்ணைப் படித்து அதையே மாடிஃபை செய்யும் (மாற்றும்) விதி, தன்னைத் தானே மறுபடி எழுப்பிக்கொள்ளும். எண்ணி முடித்த அறிகுறி ஃபேக்ட்டை ரிட்ராக்ட் செய்யுங்கள் (நீக்குங்கள்). சோதிக்கும்போது வெறும் ரன் வேண்டாம். 50 விதி என்று எல்லை கொடுத்து ஓட்டினால் தானாக நிற்கும்.

1970-களில் ஸ்டான்ஃபோர்டில் செய்த மைசின் என்ற மருத்துவ நிபுணர் அமைப்பில் இருந்த இரண்டு வசதி இதில் இல்லை. ஒன்று, "ஏன் இதைக் கேட்கிறாய்?" என்றால் விளக்கும் வசதி. வாட்ச் ரூல்ஸ் கட்டளை போட்டால் எந்த விதி பாய்ந்தது என்று தெரியும். அது எழுதுபவருக்கு உதவும், தோட்டக்காரருக்கு உதவாது. இன்னொன்று, முடிவு எவ்வளவு உறுதி என்று சொல்லும் நம்பிக்கை எண். 0.6-ம் 0.5-ம் சேர்ந்தால் 0.8 என்ற கணக்கை (கூட்டி, பெருக்குத்தொகையைக் கழிப்பது) ஒரு டெஃப்ஃபங்ஷனாக (சொந்தச் செயற்கூறாக) நீங்களே எழுத வேண்டும்.

வெறுங்கூடு என்றது இதனால்தான். ஏலத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஊட்டுவது நம் வேலை. காய் நீர்கோத்துப் பழுப்பாகி நாறி உதிர்ந்தால், அதுவும் மழைக்காலமானால், காயழுகல். இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம் வரை வெளிர்பச்சைக் கோடு ஓடினால் கட்டே என்ற வைரஸ் நோய். மருந்து கிடையாது, தூரோடு பிடுங்க வேண்டும். காய்த்தோல் சொறிபிடித்தால் இலைப்பேன். தட்டை (ஏலத்தண்டு) அடியில் அழுகிச் சாய்ந்தால் அது கிழங்கழுகல். காயழுகலையும் கிழங்கழுகலையும் ஆட்கள் ஒரே பெயரில்தான் சொல்வார்கள். அதனால் "அழுகலா?" என்று கேட்கும் கேள்வி வீண், "எது அழுகுது, காயா, தட்டை அடியா?" என்று கேட்க வேண்டும்.

போர்டோ கலவை (பூஞ்சணத்துக்குத் தெளிக்கும் மருந்து) சொல்லும் விதியில் அளவையும் சேருங்கள்: 1% கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். கூடவே இன்னொரு கேள்வி: கத்தியை முக்கி எடுத்தால் சிவப்பு படிகிறதா? படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே 'கேட்கவில்லை' மதிப்பு தேவைப்படும். கத்தி சோதனைக்குப் பதில் வராமல் "தெளிக்கலாம்" என்று திரையில் வரக்கூடாது.