கடற்காற்றில் ஆறு ஆண்டுகள்: ஆஸ்பிரின் நிலைத்தன்மைக்கான எச்பிஎல்சி முறை

மண்டபத்துக்கு அருகே, பாக் நீரிணைக் காற்று நேராக வந்து மோதும் ஒரு சிறிய ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகளாக ஆஸ்பிரின் மாத்திரைகளின் நிலைத்தன்மையை, அதாவது நாளாக நாளாக அவை எவ்வளவு கெடுகின்றன என்பதை, எச்பிஎல்சி கருவியில் (கரைசலை உயர் அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்தி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) சோதித்து வருகிறேன். இந்த வேலைக்கு வந்த தொடக்கத்தில், பலமுறை திறந்து மூடிய ஒரு மாத்திரை டப்பாவைச் சோதனைக்காகத் திறந்தபோது வினிகர் வாசனை மூக்கில் ஏறியது. ஈரத்தால் ஆஸ்பிரின் பிளந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகிவிட்டிருந்தன. நம் முறை அளக்க வேண்டியது அந்த வாசனைக்குப் பின்னால் இருக்கும் சாலிசிலிக் அமிலத்தைத்தான்.

பொருள்களைப் பிரிக்க 250 மி.மீ. நீளமுள்ள சி18 குழாய் (கொழுப்புத்தன்மையுள்ள பூச்சேறிய சிலிக்கா துகள்கள் அடைத்தது), அதன் வழியே மாதிரியைச் சுமந்து ஓட பாஸ்பேட் பஃபரும் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் கலந்த மொபைல் ஃபேஸ், வெளிவருவதை அளக்க 237 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் டிடெக்டர் என்று தொடங்கினோம். பஃபரின் பிஎச் 3.0 என்று வைத்ததுதான் எங்கள் முதல் தவறு. சாலிசிலிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தில் பாதி அயனியாகிவிடும் பிஎச்) ஏறக்குறைய அதே எண்ணில் இருப்பதால், பஃபர் தயாரிக்கையில் பிஎச் 0.1 கூடினாலும் அதன் பீக் (வரைபடத்தில் அந்தப் பொருள் வெளிவரும் நேரத்தைக் காட்டும் முகடு) முன்னால் நகர்ந்து ஆஸ்பிரின் பீக்கை நெருங்கியது. மழைக்காலத்தில் பிஎச் மீட்டரின் அளவு வேறு தடுமாறியதால், ஒரே மாத்திரைக்குத் திங்கள்கிழமை ஒரு முடிவும் வியாழக்கிழமை வேறொரு முடிவும் வந்தன. பிஎச்சை 2.5 ஆக்கிய பிறகு, அமிலம் பெரும்பாலும் அயனியாகாத நிலையிலேயே இருப்பதால் இரண்டு பீக்குகளும் நிலையாக விலகி நின்றன. சிலிக்கா குழாய்க்கு அதற்கும் கீழே போவது நல்லதில்லை என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாவது சிக்கலைக் கண்டுபிடிக்க எனக்கு நீண்ட நாள் ஆயிற்று. மாதிரிகளைக் கருவியின் தட்டில் அடுக்கி ஒவ்வொன்றாக இரவு முழுக்க ஓடவிடும் வரிசையில் கடைசி மாதிரிகளில் மட்டும் சாலிசிலிக் அமிலம் கூடுதலாக இருந்தது. மாத்திரை கெடவில்லை, நீர் கலந்த கரைசலில் தட்டில் காத்திருந்த நேரத்தில்தான் ஆஸ்பிரின் சிதைந்திருந்தது. மின்வெட்டில் ஏசி நின்ற இரவுகளில் இது இன்னும் மோசம். இப்போது சிறிதளவு அமிலம் சேர்த்த அசிட்டோநைட்ரைலில் கரைத்து, தட்டை 5 டிகிரியில் வைத்து, அன்றன்று தயாரித்ததை அன்றன்றே செலுத்துகிறோம். தயாரித்த கரைசல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை முறைச் சரிபார்ப்பின்போதே அளந்து எழுதிவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

முறை சிதைவைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஆஸ்பிரினை வலிந்து சிதைக்கும் சோதனையில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சில நிமிடங்களிலேயே பெரும்பகுதியைப் பிளந்துவிடும். ஆகவே நீர்த்த காரத்தை எடுத்து உடனே நடுநிலையாக்கி, 10 முதல் 20 விழுக்காடு சிதைவில் நிறுத்துவது நல்லது. அப்போதும் மிஞ்சிய ஆஸ்பிரினையும் உண்டான சாலிசிலிக் அமிலத்தையும் கூட்டினால் கணக்கு 100க்கு வராது. 100 மி.கி. ஆஸ்பிரின் பிளந்தால் சாலிசிலிக் அமிலம் 76.7 மி.கி.தான் கிடைக்கும், அசிட்டிக் அமிலமோ 237 நானோமீட்டரில் கண்ணுக்கே படாது. மூலக்கூறு எடைகளைக் கொண்டு திருத்திய பிறகே எங்கள் கூட்டுத்தொகை நம்பத்தக்கதாயிற்று. முறைச் சரிபார்ப்பின் மற்ற சோதனைகளான நேர்கோட்டுத் தன்மை (செறிவுக்கு ஏற்ப பீக்கும் சீராக வளர்கிறதா), 80 முதல் 120 விழுக்காடு வரையிலான செறிவுகளில் மீட்பு (சேர்த்த அளவு திரும்பக் கிடைக்கிறதா), ஆறு மாதிரிகளின் ஒத்திசைவு ஆகியவை தொல்லையின்றி முடிந்தன.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்பின் இணைப்புகளில் பஃபர் உப்பு வெள்ளையாகப் பூத்தால் கசிவு இருக்கிறதென்று பொருள். ஆனால் இங்கே வெளிப்புற இரும்புத் திருகுகளில் கடற்காற்றின் துருவும் சேர்ந்துகொள்வதால், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுநாளும் உப்பு பூத்திருக்கிறதா என்று பார்ப்பேன். வேலை முடிந்ததும் நேரடியாக அசிட்டோநைட்ரைலுக்கு மாறினால் பாஸ்பேட் குழாய்க்குள்ளேயே படிந்துவிடும். முதலில் 10 விழுக்காடு அசிட்டோநைட்ரைல் கலந்த நீரை அரை மணி நேரம் ஓடவிட்டே மாற்றுகிறேன். அந்த வழக்கத்துக்கு முன்பு முதல் குழாய் எட்டு மாதம்தான் உழைத்தது. இப்போது இருக்கும் குழாய் மூன்றாம் ஆண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.