கை தேறியது, கால் தேறவில்லை: டர்பனில் மூன்றாண்டு கைரோபிராக்டிக் அனுபவம்

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே தையல் தொழில் செய்து வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1998-ல் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். கை மரத்துப் போகிறது, கால் மதமதக்கிறது, கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் சொடுக்கியும் சிகிச்சை தருபவரிடம், போகலாமா என்று கோயிலிலும் கடைத்தெருவிலும் என்னிடம் கேட்பவர்கள் பலர். மூன்றாண்டாக அந்தச் சிகிச்சை மேசையில் படுத்து எழுந்தவள் என்பதால் கேட்கிறார்கள். இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஒரே உடம்பில் எனக்கு இரண்டு விதமான மரப்பு இருந்தது. ஒன்றுக்கு அந்தச் சிகிச்சை உதவியது, மற்றதற்கு அது சிகிச்சையே அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் ஐந்து மாதம் வீணாயிற்று.

2022 அக்டோபரில், தீபாவளித் துணிகள் மேசையில் குவிந்து கிடந்த வாரத்தில், வலது தோள்பட்டைக்குப் பின்னால் தீக்குச்சி உரசியது போல் ஓர் எரிச்சல் தொடங்கியது. நான்கு நாட்களில் அது மேல்கையின் பின்புறம் வழியாக இறங்கி நடுவிரல் நுனியில் வந்து நின்றது. ஊசியில் நூல் கோக்கும்போது நூல் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. வாசலில் கோலம் போட்டுவிட்டு வலக்கையைத் தரையில் ஊன்றி எழும்போது முழங்கை தானாக மடங்கிவிடும். வலியைத்தான் நான் பெரிதாக நினைத்தேன். முழங்கை மடங்கியது அதைவிட முக்கியமான அறிகுறி என்பது அப்போது எனக்குத் தெரியாது. இதற்கெல்லாம் முன்பே, ஓராண்டுக்கு மேலாக, இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் இரவில் எரிச்சலும் இருந்தன. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்து வருகிறேன்.

முதலில் போன கைரோபிராக்டரின் பெயரையும் இடத்தையும் இங்கே எழுதப்போவதில்லை. பத்து நிமிடம் பேசினார், முதுகைத் தடவிப் பார்த்தார், சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தைக் காட்டினார். கைமரப்புக்குக் கழுத்தெலும்பு நகர்ந்ததும், கால்மரப்புக்கு இடுப்பெலும்பு நகர்ந்ததும் காரணம் என்றார். 36 முறை வர வேண்டும், மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் சலுகை உண்டு என்றார். கட்டினேன். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்தில் கழுத்தை இரு பக்கமும் திருப்பிச் சொடுக்கி அனுப்பிவிடுவார். கை பலத்தை அவர் ஒருநாளும் சோதிக்கவில்லை, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்ததும் இல்லை. சில நாட்களில் சொடுக்கிய மாலையே வலி கூடியது. நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினொரு முறை போனேன்.

2023 பிப்ரவரியில் தைப்பூசம் வந்தது. இங்கே அது கோடைக்காலத்தின் நடுவில் வருவதால் காவடி ஊர்வலம் போகும் தார்ச்சாலை நெருப்பாய்க் கொதிக்கும். வழக்கம்போல் பால்குடத்துடன் வெறுங்காலில் நடந்தேன். கூட வந்த என் நாத்தனார் ஓரமாகப் புல்லில் ஏறி ஏறி நடந்தபோது, எனக்கு மட்டும் சூடு பெரிதாகத் தெரியவில்லையே, முருகன் அருள் என்று மனம் உருகினேன். மறுநாள் காலையில் குளியலறைத் தரையில் ஈரமாக ஒரு தடம் இருப்பதை மாமியார்தான் கவனித்தார். இடது பெருவிரலுக்குக் கீழே ஐந்து ராண்ட் நாணய அளவுக்குக் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. வலியே இல்லை. வலி இல்லாத அந்தப் புண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

குடும்ப மருத்துவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டார். உறவினர் பெண் ஒருத்தி, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் படிப்போடு சேர்ந்து மாணவர் சிகிச்சை மையம் ஒன்று இருக்கிறது, அங்கே அவசரப்படாமல் பார்ப்பார்கள் என்று சொல்லி என்னை அழைத்துச் சென்றாள். தென்னாப்பிரிக்காவில் இது முதுகலைப் பட்டம் வரை படித்துச் செய்யும் தொழில். டர்பனிலும் ஜோகனஸ்பர்க்கிலும் பல்கலைக்கழகங்களிலேயே சொல்லித் தருகிறார்கள். 1982-ஆம் ஆண்டின் 63-ஆம் சட்டத்தின்கீழ் பதிவு பெறாதவர் இத்தொழிலைச் செய்யக் கூடாது. நான் முதலில் போனவரும் பதிவு பெற்றவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவு இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

அன்று என்னைப் பரிசோதித்தவள் இறுதியாண்டு மாணவி. நான்கு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழ் பேச வராவிட்டாலும் வாய் நிறைய 'ஆன்ட்டி' என்று அழைத்தாள். பரிசோதனைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தலையை வலப்பக்கம் சாய்த்து உச்சியில் மெல்ல அழுத்தினாள், நடுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. முழங்கையை நீட்டித் தன் கையைத் தள்ளச் சொன்னாள். இடக்கை தள்ளியது, வலக்கை தோற்றது. முழங்கைக்குப் பின்னால் சிறு சுத்தியலால் தட்டினாள், இடப்புறம் துள்ளியது, வலப்புறம் சும்மா கிடந்தது. பிறகு காலுறையைக் கழற்றச் சொன்னாள். தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பத்து இடங்களில் வைத்து அழுத்தி, தெரியும்போது சொல்லச் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஆறு இடங்களில் அவள் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. கடைசியாக, தட்டினால் அதிரும் ஓர் இசைக்கவையைத் (ட்யூனிங் ஃபோர்க்) தன் உள்ளங்கையில் தட்டி என் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தாள். அதிர்வு நின்றுவிட்டதா என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றேன். அதே கவையை அப்படியே எடுத்து என் மணிக்கட்டில் வைத்தாள். அது இன்னும் வண்டு போல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் வந்து மறுபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கைமரப்பு கழுத்திலிருந்து வருவது, கால்மரப்பு கழுத்திலிருந்தோ இடுப்பிலிருந்தோ வருவது அல்ல என்றார். கழுத்தின் ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே வெளியேறும் நரம்பு நடுவிரலுக்கும் முழங்கையை நீட்டும் தசைக்கும் போகிறது. அந்த நரம்பின் வேரை எது நெருக்கினாலும் ஒரு பக்கக் கையில், குறிப்பிட்ட தடத்தில்தான் வலியும் மரப்பும் பலவீனமும் தெரியும். சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம் அப்படி அல்ல. உடம்பிலேயே நீளமான நரம்புகளின் நுனியில், அதாவது கால்விரல்களில், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தொடங்கிக் காலுறை போட்டது போல் மேலே ஏறும். அங்கே எலும்பு எதையும் நெருக்கவில்லை, நரம்பும் அதற்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெட்டுப்போகின்றன. எனவே எலும்பைத் திருத்துவதால் பயன் இல்லை. இதை ஒரு கைரோபிராக்டரின் வாயாலேயே கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி. டி. பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது, நோய்களில் பெரும்பாலானவை முதுகெலும்பு விலகுவதால்தான் வருகின்றன என்று கருதினார். என் கால்மரப்புக்கு இடுப்பெலும்பைக் காரணம் காட்டியவர் அந்தப் பழைய நம்பிக்கையை விடாதவர் என்று இப்போது புரிகிறது.

தசை பலவீனம் இருந்ததால் கழுத்தைத் தொடும் முன் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று குடும்ப மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். படத்தில் ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் உள்ள வட்டு வலப்பக்கம் பிதுங்கியிருந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, பலவீனம் இலேசானது, கூடாமல் இருக்கும்வரை எட்டு வாரம் பொறுக்கலாம், கூடினால் அன்றே வர வேண்டும் என்றார். அதன் பிறகே சிகிச்சை தொடங்கியது.

கழுத்தை அவர்கள் ஒருமுறைகூடச் சொடுக்கவில்லை. கழுத்தைக் கையால் மெல்ல நீவி இழுத்துப் பிடிப்பது, தோள்பட்டைக்கு நடுவே மேல்முதுகை மட்டும் ஓர் அழுத்தத்தில் விடுவிப்பது, இறுகிய தசைகளை அழுத்தித் தளர்த்துவது, நரம்பு உறைக்குள் வழுக்கி ஓடும்படி கையை நீட்டி மடக்கும் பயிற்சி, இவ்வளவுதான். வாரம் இருமுறை நான்கு வாரம், பிறகு வாரம் ஒருமுறை நான்கு வாரம். நான்காவது வாரம் மறுபரிசோதனை செய்து, முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்டது, தையல் இயந்திரத்தின் முன் நான் உட்காரும் விதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொன்னதுதான். கன்னம் இயந்திரத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்து இருபத்தைந்து ஆண்டு தைத்திருக்கிறேன் என்பது படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இயந்திர மேசையின் நான்கு கால்களுக்கும் கீழே கட்டை வைத்து ஒரு சாண் உயர்த்தினோம். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க அடுப்படி மணியை வைத்துக்கொண்டேன்.

மேல்முதுகில் கேட்கும் 'படக்' ஓசையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஊரில் சுளுக்கு வழிக்கும் பாட்டி சொடக்கு எடுத்ததும் 'சேர்ந்துடுச்சு' என்பாள். உண்மையில் எலும்பு எதுவும் இடம் மாறி வந்து சேர்வதில்லை. மூட்டுக்குள் அழுத்தம் திடீரெனக் குறைந்து, மூட்டு நீரில் கரைந்திருக்கும் வாயு குமிழாகும்போது எழும் ஓசை அது. ஓசை வராத நாளிலும் எனக்குச் சுகம் கிடைத்தது. ஓசை வந்த நாளில் மறுநாள் வரை அந்த இடம் கன்றிப்போனது போல் வலித்ததும் உண்டு.

ஆறாவது வாரத்தில் இரவுத் தூக்கம் திரும்பியது. மூன்றாம் மாதம் கையூன்றி எழ முடிந்தது. மரப்பு கடைசியாகத்தான் போயிற்று, ஏழு மாதம் ஆயிற்று. இதெல்லாம் கைரோபிராக்டிக்கால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிதுங்கிய வட்டு மாதக்கணக்கில் தானாகவே சுருங்குவது பரவலாக அறியப்பட்டது, பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே கை தேறிவிடுகிறது. காலம் ஆற்றியது எவ்வளவு, கைகள் ஆற்றியது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. ஆனால் அந்த மாதங்களை வலிமாத்திரைகளை அடுக்கிக்கொண்டே போகாமல் கடக்க முடிந்தது, தொழிலை விடாமல் இருக்க முடிந்தது, எப்போது பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அதற்காக அந்தப் பிள்ளைகளுக்கு நான் நன்றியுள்ளவள்.

கால் கதை வேறு. குடும்ப மருத்துவருக்கு எழுதிய அதே கடிதத்தில் பி12 வைட்டமின் அளவையும் பார்க்கும்படி எழுதியிருந்தார்கள். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். நரம்பின் மேலுறைக்கு அந்தச் சத்து தேவை. நான் மரக்கறி மட்டும் உண்பவள் என்பதால் குறைவு இன்னும் கூடியிருந்தது. பி12 ஊசி தொடங்கி, சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்த பிறகு எறும்பு ஊர்வதும் எரிச்சலும் பாதியாகக் குறைந்தன. மரத்த இடங்கள் இன்றும் மரத்துத்தான் இருக்கின்றன. ஒருவேளை முதல் ஆண்டிலேயே யாராவது செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும் என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவருக்கு இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, கையை உதறினால் சரியாகும். அவரும் கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளப் புறப்பட்டார். அவருக்கு நரம்பு நெருக்கப்படுவது மணிக்கட்டில், கழுத்தில் அல்ல. இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டதும் தூங்குகிறார்.

கழுத்துச் சொடுக்கில் மூளைக்குப் போகும் தமனி கிழிவது மிக அரிது, ஆனாலும் நடந்திருக்கிறது. சொடுக்கிய பின் இதுவரை இல்லாத தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் வந்தால் கைரோபிராக்டரைத் திரும்ப அழைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடுப்பு வலிக்காரர்களுக்குத் தொடையிடுக்கில் மரப்பும் சிறுநீர் கழிக்க முடியாமையும் சேர்ந்தால் அதுவும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். இவற்றை முதல்நாளே சொல்லாதவரிடம், கை பலத்தைச் சோதிக்காதவரிடம், முதல்நாளே முப்பது நாற்பது முறைக்குப் பணம் கேட்பவரிடம் நான் இனிப் படுக்க மாட்டேன்.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை போகிறேன், ஒன்று தீபாவளித் தையல் தொடங்கும் முன் செப்டம்பரில். ஜூலைக் குளிரில் நடுவிரல் நுனி கொஞ்சம் மந்தமாகும், மற்றபடி நூல் நழுவுவது இல்லை. இரவில் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். 2025 தைப்பூசத்துக்குத் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு பால்குடம் எடுத்தேன். பூசாரியிடம் முன்னதாகவே விவரம் சொன்னேன், அவருக்கும் சர்க்கரை என்றார். அவரையும் பாதத்தைப் பரிசோதிக்க அனுப்பியிருக்கிறேன்.