டிக்சி டீனா, ஜார்ஜ் கேம்செல்லா?

ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். 1926-27 சீசனில் மிடில்ஸ்பரோ அணியின் ஜார்ஜ் கேம்செல் இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் டிவிஷனில் 59 கோல் போட்டார். மறு சீசனிலேயே எவர்ட்டன் அணியின் டிக்சி டீன் அதற்கு மேலுள்ள முதல் டிவிஷனில் 60 போட்டார். டீனின் பெயர் நிலைத்துவிட்டது. கேம்செல்லை அவருடைய ஊருக்கு வெளியே நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இது நியாயமில்லை என்பது என் கட்சி. ஆனாலும் டீனுக்கு உரியதை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

இருவருக்கும் வழிவிட்டது 1925இல் மாறிய ஆஃப்சைடு விதி. அதுவரை முன்களக்காரருக்குப் பந்தைத் தட்டிவிடும்போது அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். அதன்பின் இருவர் போதும். கோல்கள் கொட்டின. ஆகவே இந்தச் சலுகையைக் காட்டி ஒருவரை மட்டும் குறைத்துப் பேச முடியாது.

கேம்செல்லுக்கு 37 ஆட்டங்கள், டீனுக்கு 39. சராசரியில் கேம்செல்தான் ஒரு மயிரிழை முன்னால். ஆனால் அவரவர் சாதனை சீசனில் மிடில்ஸ்பரோ போட்ட மொத்தக் கோல்கள் 122. எவர்ட்டன் போட்டவை 102. அதாவது எவர்ட்டனின் பத்துக் கோல்களில் ஏறக்குறைய ஆறு டீனுடையவை, அதுவும் நாட்டின் உச்ச டிவிஷனில். அந்த ஒரு சீசனை மட்டும் வைத்துக் கேட்டால், தயங்காமல் டீன் என்பேன்.

டீன் 60ஐ எட்டிய விதமும் அப்படி. 1928 மே 5, எவர்ட்டனின் மைதானமான குடிசன் பார்க், எதிரில் ஆர்சனல். கடைசி ஆட்டம், பட்டம் ஏற்கெனவே எவர்ட்டனுக்கு உறுதியாகிவிட்டது. டீனிடம் 57 கோல்கள். இரண்டு சீக்கிரமே விழுந்தன, அதில் ஒன்று பெனால்டி. மூன்றாவது மட்டும் வராமல் நேரம் கரைந்துகொண்டே போனது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சக ஆட்டக்காரர் அலெக் ட்ரூப் கார்னர் அடித்தார். டீன் எழும்பித் தலையால் முட்டினார். 1926இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டையோடு பிளந்து, இனி ஆடுவாரா என்று மருத்துவர்களே சந்தேகப்பட்ட தலை அது.

இனி கேம்செல். டர்ஹம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டர்ஹம் சிட்டி அணியிலிருந்து 1925இல் மிடில்ஸ்பரோவுக்கு வந்தார். 1926 கிறிஸ்துமஸ் அன்று மான்செஸ்டர் சிட்டியை அவர்களுடைய மைதானத்திலேயே மிடில்ஸ்பரோ 5-3 என்று வென்றது. ஐந்தும் கேம்செல் போட்டவை.

“இரண்டாம் டிவிஷன்தானே” என்று தள்ளுபவர்களுக்கு மறு சீசனே பதில். மிடில்ஸ்பரோ மேலே ஏறிவந்து, டீன் 60 போட்ட அதே முதல் டிவிஷனில் கேம்செல் 33 கோல் போட்டார். அவருடைய அணியோ கடைசி இடத்தில் முடித்து மீண்டும் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கியது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் நின்று 33 கோல் போடுவது லேசான காரியமா?

இங்கிலாந்துச் சட்டையில் கணக்கு தலைகீழாகிறது. டீன் 16 ஆட்டங்களில் 18 கோல்கள். கேம்செல்லும் அதே 18தான், ஆனால் ஒன்பதே ஆட்டங்களில். அவை 1929 முதல் 1936 வரை சிதறிக் கிடக்கின்றன. ஒன்பதில் ஒன்றில்கூட அவர் கோல் போடாமல் திரும்பவில்லை. பத்தாவது ஆட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.