குற்ற உணர்ச்சிய போக்குறோம்னு சொல்லி என் மூணு மாச சம்பளத்த வாங்கிட்டாங்க, தயவுசெஞ்சு உஷாரா இருங்க

இத டைப் பண்ணும்போது கை நடுங்குது, ஆனா இன்னைக்கே எழுதலனா அப்புறம் எழுதவே மாட்டேன், அத நம்பித்தான் அவங்க தொழிலே நடக்குது. ஒரு ஆன்லைன் ஹீலிங் ப்ளாட்ஃபார்ம். பேங்க்ல கம்ப்ளைண்ட் போயிட்டு இருக்கறதால பேர் போடல. மனசுல கிடக்குற குற்ற உணர்ச்சி, அவமானம் எல்லாத்தயும் சில வாரத்துல ரிலீஸ் பண்ணி விடுறோம்னு விளம்பரம் பண்ணுவாங்களே, அந்த டைப். என்கிட்ட வாங்குனது மொத்தம் மூணு மாச சம்பளம். எப்படி தப்பிக்கறதுனு கடைசில டிப்ஸ் போடுறேன், மொதல்ல நடந்தத சொல்லிடுறேன்.

எனக்கு கரு கலைஞ்சிடுச்சு, மூணாவது மாசம் முடியறதுக்குள்ள. டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க, இது உங்களால ஆனது இல்லமா, ஆரம்ப மாசங்கள்ல கலையுறதுல சுமார் பாதி குரோமோசோம் கோளாறாலதான், கர்ப்பம்னு தெரிஞ்சதுக்கு அப்புறமே 100-ல 10-லருந்து 20 வரைக்கும் இப்படி போயிடுது, வேலைக்கு போனதாலயோ மாடி ஏறுனதாலயோ இது வர்றதில்லனு. காதுல விழுந்துச்சு, மனசுல இறங்கல. ராத்திரி படுத்தா அந்த வாரம் பூரா நான் என்னென்ன பண்ணேன்னு ஒவ்வொண்ணா ஓட்டி பாப்பேன், லேட்டா தூங்குனது, ஒரு பெட்டிய நகத்துனது, அப்புறம் கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னைக்கு ஒரு நிமிஷம் ஐயோ இப்பவேவானு தோணுனது. அந்த ஒரு நிமிஷ நினைப்பத்தான் யார்கிட்டயும் சொல்ல முடியல, வீட்டுக்காரர்கிட்ட கூட. தோழிக்கு குழந்தை பொறந்துச்சு, பாக்க போகல. போன் அடிச்சா எடுக்கல. யாராவது என் முகத்த பாத்தா உடனே தெரிஞ்சிடும்னு ஒரு பயம்.

அப்படி இருக்கும்போதுதான் இலவசமா முதல் கால்னு அந்த விளம்பரம் வந்துச்சு. வீடியோல ஒரு லேடி, கோச்னு சொன்னாங்க. நான் அழுதேன், அவங்க குறுக்க பேசவே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா, "இத நீங்க யார்கிட்டயும் சொல்லல, இல்லயாமா?"னு கேட்டாங்க. அவ்ளோதான். நான் அப்படியே உடைஞ்சு போயிட்டேன். அந்த ஒரு நிமிஷ நினைப்பு வரைக்கும் எல்லாத்தயும் கொட்டிட்டேன். "என்னை உங்க அக்காவா நினைச்சுக்கோங்க, இங்க யாரும் உங்கள ஜட்ஜ் பண்ண மாட்டாங்க"ன்னாங்க. அந்த குரல் இன்னும் காதுலயே இருக்கு. கால் முடியறதுக்குள்ள பேமெண்ட் லிங்க் வந்துடுச்சு, இன்னைக்கு நைட் வரைக்கும்தான் இந்த ரேட்னு. ஒரு மாச சம்பளம். கட்டிட்டேன், அன்னைக்கு ராத்திரி பல நாள் கழிச்சு நல்லா தூங்கவும் செஞ்சேன்.

கோர்ஸ் என்னனா, நீ செஞ்ச தப்பெல்லாம் லிஸ்ட் போடு, அத கேமரா முன்னாடி சத்தமா வாசி. லிஸ்ட் சின்னதா இருந்தா இன்னும் மறைக்கிறீங்கம்பாங்க. செய்யாத தப்ப எல்லாம் தேடி தேடி எழுதுனேன். தூக்கம் சுத்தமா போச்சு, சாப்பாடு இறங்கல. கேட்டா இது ஹீலிங் க்ரைசிஸ், உள்ள இருக்குறது வெளிய வருது, நல்ல அறிகுறி, அடுத்த லெவல் எடுத்தாதான் முழுசா போகும்னு சொல்லி இன்னும் ரெண்டு மாச சம்பளம் வாங்கினாங்க. ஆகமொத்தம் மூணு மாச சம்பளம், யோசிச்சு பாருங்க.

என் நிலமைய பாத்துட்டு டாக்டரம்மாவே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புனாங்க. முறையா படிச்சவங்க. அவங்க முதல் நாளே சொன்னது, குற்ற உணர்ச்சிங்கறது நான் செஞ்சது தப்புனு தோணுறது, அவமானம் நானே தப்பான ஆளுனு தோணுறது, ரெண்டும் வேற வேற வேலை பாக்கும். ஹெலன் பிளாக் லூயிஸ்னு ஒரு உளவியலாளர் 1971-லயே இத பிரிச்சு எழுதிட்டாங்களாம். ஜூன் டாங்னினு இன்னொரு உளவியலாளரோட குழு சிறையில இருந்தவங்கள வச்சு செஞ்ச ஆய்வு ஒண்ணு 2014-ல வந்திருக்கு, குற்ற உணர்ச்சி அதிகமா இருந்தவங்க வெளிய வந்தப்புறம் திரும்ப குற்றத்துல இறங்குறது கம்மியா இருந்துச்சாம், அவமானத்த தாங்க முடியாம பழிய அடுத்தவங்க மேல போட்டவங்கதான் திரும்ப மாட்டுனாங்களாம். ஏன்னா குற்ற உணர்ச்சிக்கு செய்யறதுக்கு ஒரு வேலை இருக்கு, போய் மன்னிப்பு கேக்கலாம், கெடுத்தத சரி பண்ணலாம். அவமானத்துக்கு ஒளியறத தவிர வேற வழி இல்ல. என் விஷயத்துல தப்பே நடக்கல, அப்போ சரி பண்றதுக்கும் ஒண்ணும் இல்ல, அதனாலதான் அது போக இடம் இல்லாம என்னையே தின்னுச்சு. அளவுக்கு மீறுன குற்ற உணர்ச்சிய டிஎஸ்எம்-5னு மனநல டாக்டர்கள் பாக்குற கையேடு டிப்ரஷனோட அறிகுறிகள்லயே ஒண்ணா வச்சிருக்கு, சிகிச்சை வேண்டிய விஷயம் அது. அதுக்கு இவங்க தீனி போட்டு வளத்திருக்காங்க!

பணத்த திருப்பி கேட்டேன். மொதல்ல சாட்பாட் தானா பதில் சொல்லுச்சு, உங்க உணர்வுகள் எங்களுக்கு முக்கியம்னு. எத்தன தடவ கேட்டாலும் அதே வரி. அப்புறம் சப்போர்ட்ல ஒருத்தர், கோச்கிட்ட பேசுங்கனு தள்ளி விட்டார். கோச், அக்கௌண்ட்ஸ்ல கேளுங்கன்னாங்க. அக்கௌண்ட்ஸ்னு ஒரு நம்பர், அத யாரும் எடுக்கறதே இல்ல. நான் விடலனு தெரிஞ்சதும் அதே அக்கா குரல்ல, "ரீஃபண்ட் கேக்குறதே நீங்க ஓடி ஒளியறதுதான்மா, அந்த குழந்தைக்காகவாவது இத முடிங்க"னு வாய்ஸ் மெசேஜ். அந்த குழந்தைக்காகவாம். நான் நம்பி சொன்னதயே எடுத்து என்னையே குத்துனாங்க. கன்ஸ்யூமர் கம்ப்ளைண்ட் குடுப்பேன்னு சொன்னதும் வந்த பதில் ஒரே வரி, "உங்க செஷன் ரெக்கார்டிங் எல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு மேடம்." அதோட க்ரூப்ல இருந்து தூக்கிட்டு ப்ளாக் பண்ணிட்டாங்க.

அந்த ஒரு வரிக்கு பயந்து பல நாள் வாய மூடிட்டு இருந்தேன். இப்படித்தான் எத்தன பேர் மூணு மாச சம்பளம், ஆறு மாச சம்பளம்னு குடுத்துட்டு வெளிய சொல்ல கூச்சப்பட்டு உக்காந்திருக்காங்களோ. கடைசில நேத்து வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தயும் சொன்னேன், பணம், ரெக்கார்டிங், அந்த ஒரு நிமிஷ நினைப்பு. அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் தோணுச்சு"ன்னார்.

டிப்ஸ் விரிவா எழுதணும்னு நினைச்சேன், முடியல, அவசரமா சொல்றேன். படிப்பு என்ன, லைசென்ஸ் இருக்கானு கேக்காம யார்கிட்டயும் மனச திறக்காதீங்க. முதல் கால்லயே லிங்க் அனுப்புனா கட் பண்ணுங்க. கேமரா முன்னாடி வாக்குமூலம் வாசிக்க சொன்னா வாசிக்காதீங்க. ரெக்கார்டிங்க வச்சு மிரட்டுனா பணம் குடுக்காதீங்க, மெசேஜ அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு போலீஸ்ல சொல்லுங்க. சாகணும்னு நினைப்பு வந்தா கோர்ஸ் எல்லாம் வேணாம், உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, பக்கத்துல இருக்கறவங்கள எழுப்புங்க.

பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், பதில் வரல. ரெக்கார்டிங்க அழிக்க சொல்லி மெயில் அனுப்பியிருக்கேன், அதுக்கும் பதில் இல்ல. இதே மாதிரி மாட்டுனவங்க யாராவது பணத்த திருப்பி வாங்கியிருந்தா எந்த வழில வாங்குனீங்கனு சொல்லுங்க, மூணு மாச சம்பளத்த நான் விடறதா இல்ல.