14416-க்கு அழைப்பதா, மனநல ஓபிக்குப் போவதா?

தர்மபுரி பக்கம் தொப்பூர் கணவாயில் விபத்து என்றால், நள்ளிரவில் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனுக்கும் வேலை வந்துவிடும். மண்டைக்குள் கசிந்த ரத்தம் திரையில் வெள்ளையாகத் தெரியும். கதவைத் திறந்தால், "எப்படிங்க சார் இருக்கு?" என்று அடிபட்டவரின் வீட்டுக்காரம்மா நிற்பார். டாக்டர்தான் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் வாயை மூடிக்கொண்டு அடுத்த ஆளைப் படுக்க வைக்க வேண்டும். இது சேரச் சேரத் தூக்கம் போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் செலவில்லாத வழி இரண்டு: 2022-ல் வந்த டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல ஓபி.

நேரம்: போன் 24 மணி நேரமும், தமிழிலேயே. ஓபி என்றால் நைட் டூட்டி முடித்துக் கண் எரிய வரிசையில் நிற்க வேண்டும்.

ரகசியம்: பலரைத் தடுப்பது இதுதான். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சீட்டு போட்டால் சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரை பேச்சு போய்விடும். தர்மபுரிக்காரர் கிருஷ்ணகிரிக்கும், அங்கிருப்பவர் இங்கேயும் போய்க் காட்டலாம். போனில் இந்தத் தொல்லையே இல்லை.

சிகிச்சை: இதில் ஓபிதான் மேல். நேரில் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள், தொடர்ந்து வரச் சொல்வார்கள். போனில் முதலில் பேசுபவர் கவுன்சிலர்.

ஒரு கேஸ் மனதை அரித்தால், யாரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்தால் போன். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை என்றால் ஓபி. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே 14416.